வண்டியில் ஏறும் மின்பிறப்பாக்கி



மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டக் கோயிலொன்றில் திருவிழா நடைபெறும் இரவில் மலைச்சரிவில் நின்று பார்ப்பீர்களாயின், தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்து செல்லும் பாதையில் தேர் மெல்ல அசைந்து வருவதைக் காண்பீர்கள். வண்ண விளக்குகள் கண்ணைக் கவரும். தப்பும் மேளமும் காதை நிறைக்கும். இவற்றில் மனத்தைப் பறிகொடுக்கும் நாம், தேருக்குப் பின்னால் ஒரு ட்ரக்டர் பெட்டியிலோ சிறு லொறியிலோ இருந்தபடி படபடவென்று இரைந்துவரும் இயந்திரத்தைப் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. விளக்குக்கு ஒளியும் ஒலிபெருக்கிக்குக் குரலும் கொடுப்பது அதுவே. அதன் பக்கத்தில் பெற்றோல் கான் ஒன்று இருக்கும். அந்தக் கானையே ஆசனமாக்கிக்கொண்டு ஒரு சிறுவன் அமர்ந்திருப்பான்.

அந்தச் சிறுவனை மனத்திற்கொண்டே இன்று உங்கள் முன் பேச வந்துள்ளேன். நான் விஞ்ஞானம் கற்றவன் அல்லேன். கலைப்பட்டதாரி, வரலாறும் தமிழும் படிப்பித்து, இப்போது அரசாங்கப் பாடசாலையொன்றின் அதிபராக இருப்பவன். ஆயினும் மின்பிறப்பாக்கியை வண்டியில் ஏற்றும் விஷயத்தில் ஒருமுறை பெரும் பிழை செய்து, அதன் பயனாகச் சில உண்மைகளைக் கற்றுக்கொண்டவன். அந்த உரிமை கொண்டு பேசுகிறேன்.

இவ்வியந்திரம் நம்மிடையே இத்துணை பரவியதற்குக் காரணம் சொல்ல வேண்டுவதில்லை. 2022ஆம் ஆண்டின் மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் உள்ள உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்டு, நாடு முழுவதும் இருளடைந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்தப் பேரழிவில் கண்டி மாவட்டம் பட்ட துன்பம் மிகப் பெரிது. மண் சரிந்து பாதைகள் அறுந்து, மின்கம்பிகள் வீழ்ந்து கிடந்த அந்நாட்களில், கைத்தொலைபேசிக்கு உயிரூட்டவும் நோயாளிக்கு விளக்கேற்றவும் எங்கிருந்தோ மின்பிறப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. வானில் வந்தன, முச்சக்கர வண்டியிலும் வந்தன. மலையில் விழும் நீரிலிருந்தே நாட்டுக்கு மின்சாரம் செய்துகொடுத்த மலையகத்தில், லயத்து அறைகள் பலவற்றுக்கு விளக்கு வந்தது மிகப் பிந்தித்தான் என்பதும், வந்த விளக்கு முதலில் அணைவதும் அங்கேதான் என்பதும் வேறு கதை. அதை இன்னொரு நாள் பேசலாம்.

நான் செய்த பிழைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர்களின் நாடகமொன்றை மேலேயுள்ள தோட்டத்தில் அரங்கேற்ற அழைத்திருந்தார்கள். அங்கே மின்சாரம் நம்பத்தக்கதாக இல்லை. கண்டியில் ஒரு மின்பிறப்பாக்கியை வாடகைக்குப் பெற்றோம். செலவைச் சிக்கனப்படுத்த எண்ணி, வேறு வண்டி பிடியாமல், பிள்ளைகள் செல்லும் அதே வானின் பின்புறத்தில் அதனை ஏற்றினேன். எரிபொருளுக்கென்று தனிக் கலம் எதுவும் இல்லை. குடிநீர் விற்கும் ஐந்து லீற்றர்ப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றிலே பெற்றோலை நிரப்பி, அது உருண்டுவிடாமல் கடைசி ஆசனத்தில் இருந்த மாணவனின் கால்களுக்கிடையில் வைத்தேன். "கெட்டியாகப் பிடித்துக்கொள்" என்று நானே சொன்னேன். பதினான்கு பிள்ளைகள். மழைத் தூறல், ஆகவே ஜன்னல்கள் மூடப்பட்டிருந்தன.

வத்தேகம கடந்ததும் பெற்றோல் மணம் வரத் தொடங்கியது. பன்வில வருமுன்னரே அந்த மணம் எனக்குத் தெரியாமற் போய்விட்டது. குறைந்துவிட்டது என்று எண்ணினேன். ஒரு சிறுமி தலை வலிக்கிறது என்றாள். இன்னொருத்தி வாந்தி எடுத்தாள். மலைப்பாதையில் வளைவுகள் அதிகம். இது வழக்கமானதே என்று தீர்மானித்து, தேசிக்காய் ஒன்றை நறுக்கி முகரக் கொடுத்தேன். போத்தலைப் பிடித்திருந்த மாணவன், "சேர், போத்தல் உப்புது" என்றான். குலுங்குவதால் அப்படித் தோன்றுகிறது என்று சொன்னேன். ஆசிரியன் ஒருவன் தான் அறியாததற்கும் உடனே விடை சொல்லிவிடும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மடுல்கெல்லச் சந்தியில் வண்டியை நிறுத்தினோம். சாரதி இறங்கிச் சிகரெட் ஒன்றை எடுத்தார். அப்பொழுது கடை வாசலில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்து விரைந்து வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்றவர், எனக்குப் பழக்கமானவர். வான் கதவு திறந்தபோது வீசிய மணம் அவருக்கு எட்டிவிட்டது. சாரதியின் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, "சேர், பிள்ளைகள மொதல்ல எறக்குங்க. பேச்செல்லாம் பொறகு" என்றார். நான் அதிபர் என்பதை ஒரு கணமும் அவர் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தாததற்கு இன்றும் நன்றியுடையேன்.

பிள்ளைகள் இறங்கிய பின்பு ஆசனத்துக்கு அடியில் பார்த்தோம். போத்தல் பந்துபோல் உப்பியிருந்தது. மூடியின் ஓரத்தால் பெற்றோல் கசிந்து, கால்மிதி விரிப்பு நனைந்திருந்தது. மின்பிறப்பாக்கியின் தாங்கி மூடியிலிருந்தும் சொட்டியிருந்தது. அரைமணி நேரம் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, விரிப்பை வெளியே எறிந்த பின்னரே அவர் வண்டியை இயக்க விட்டார். அந்த அரைமணியில் அவர் எனக்குச் சொன்னவற்றையும், பின்னர் எங்கள் விஞ்ஞான ஆசிரியரைக் கேட்டும் படித்தும் நான் தெளிந்தவற்றையுமே இங்கு கூறுகிறேன்.

பெற்றோல் எரிவதில்லை, அதன் ஆவியே எரிகிறது. இது சொல் விளையாட்டன்று. மண்ணெண்ணெயைச் சூடாக்கி ஏறக்குறைய 40 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் தீப்பற்றக்கூடிய அளவு ஆவி அதிலிருந்து எழும். டீசலுக்கு அதனினும் கூடிய சூடு வேண்டும். பெற்றோலுக்கோ பனிக்கட்டியிலும் குளிரான நிலை, பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை இருந்தாலும் போதும். ஆகவே நக்கிள்ஸ் மலையின் மார்கழிக் குளிரிலும் பெற்றோல் ஆவியாகிக்கொண்டேயிருக்கும். குளிர்ந்த இடம்தானே என்று அதனை நம்புவதற்கில்லை. நம் பாட்டிமார் அடுப்படியில் மண்ணெண்ணெய்ப் போத்தல் வைத்துப் பழகிய பழக்கத்தையே பெற்றோலுக்கும் நீட்டுகிறோம். அங்கேதான் பிழை தொடங்குகிறது.

அந்த ஆவி காற்றைப் போல மூன்று, நான்கு மடங்கு பாரமானது. எனவே அது மேலே எழுந்து ஜன்னலால் போய்விடுவதில்லை. தண்ணீரைப் போலத் தரையில் படிந்து, தாழ்ந்த இடம் தேடி ஓடி, ஆசனங்களுக்குக் கீழே தங்குகிறது. மின்கம்பிகளும் ஆளிகளும் அமைந்திருப்பதும் பல வண்டிகளில் அங்கேதான். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் பெற்றோலாவி கலந்தாலே அக்கலவை தீப்பற்றும். கணக்குப் பார்த்தால், சாதாரண வான் ஒன்றின் உள்வெளி முழுவதையும் அந்நிலைக்குக் கொண்டுவர அரை லீற்றர் பெற்றோலளவு ஆவியானால் போதும். நான் அன்று கொண்டுசென்றதோ ஐந்து லீற்றர். மின்பிறப்பாக்கியின் தாங்கியிலிருந்தது வேறு.

மணம் தெரிந்தால் ஆபத்து, தெரியாவிட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பதும் தவறு. ஒரே மணத்தைத் தொடர்ந்து முகரும் மூக்கு சில நிமிடங்களில் அதனை உணர்வதை விட்டுவிடுகிறது. பன்வில அருகே மணம் குறைந்ததாக எனக்குத் தோன்றியதன் காரணம் இதுவே. வண்டிக்குள் இருப்பவனைவிட வெளியிலிருந்து வந்து கதவைத் திறப்பவனின் மூக்கே இதில் நம்பத்தக்கது.

போத்தல் ஏன் உப்பியது? கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. மடுல்கெல்ல ஏறக்குறைய 1000 மீற்றர். இந்த ஏற்றத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் நூற்றுக்கு ஆறு பங்களவு குறைந்துவிடுகிறது. கீழே அடைத்த போத்தலுக்குள் இருக்கும் காற்றும் ஆவியுமோ பழைய அழுத்தத்திலேயே நின்று, வெளியே தள்ளுகின்றன. அதனோடு வண்டிக்குள் பதினான்கு பேரின் உடற்சூடு, குலுக்கல், இயந்திரத்தின் வெப்பம் எல்லாம் சேர்ந்து மேலும் ஆவியை எழுப்புகின்றன. குடிநீர்ப் போத்தலின் மூடி இத்தகைய அழுத்தத்துக்கென்று செய்யப்பட்டதன்று. தண்ணீருக்கு அந்த மூடி போதும், பெற்றோலுக்குப் போதாது.

கலத்தைப் பற்றி ஒரு வரலாற்றுச் செய்தி சொல்லாமல் என்னால் அப்பால் செல்ல இயலவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் போரிட்ட பிரித்தானியப் படையினர், நான்கு கலன் கொள்ளும் மெல்லிய தகரங்களில் பெற்றோல் கொண்டுசென்றனர். நம் நாட்டில் மண்ணெண்ணெய்த் தகரம் என்று வீடுதோறும் தண்ணீர் சுமக்கப் பயன்பட்டதே, ஏறக்குறைய அதே உருவம். பாலைவனப் பாதையில் லொறி குலுங்கத் தகரங்களின் பொருத்துகள் விட்டன. பெற்றோலில் பெரும் பங்கு மணலிலே போயிற்று. எதிரிகளான ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய இருபது லீற்றர்க் கலங்களோ உறுதியாக இருந்தன. அழுத்தப்பட்ட இரும்புத் தகடு, நெம்பி இறுக்கும் மூடி, மூன்று கைபிடிகள், வாய்வரை நிரப்பினாலும் மேலே ஓரளவு காற்று தங்கும்படி அமைந்த தோள். பிரித்தானியர் அதனைப் பார்த்து அப்படியே செய்துகொண்டனர். ஜெர்மானியரைக் கேலியாக 'ஜெரி' என்பது அவர்கள் வழக்கமாதலால் கலத்துக்கும் 'ஜெரி கான்' என்று பெயர் நிலைத்தது. இன்று கடைகளில் விற்கும் எரிபொருட் கலங்கள், இரும்பாயினும் தடித்த பிளாஸ்டிக்காயினும், அதன் வழிவந்தவையே.

அந்தக் காற்றிடம் வீணான இடமன்று. பெற்றோல் சூட்டில் விரிவடையும். காலைக் குளிரில் இருபது லீற்றர் வாய்வரை நிரப்பிய கலம், நண்பகல் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் முப்பது பாகை கூடுதலாகச் சூடேறினால், உள்ளே இருக்கும் பெற்றோல் அரை லீற்றருக்கு மேல் பெருக்கும். அதற்கு இடம் வேண்டும். இருபதுக்குப் பத்தொன்பது என்று நிரப்புவது நல்லது. கடைக்காரர் நிறைய ஊற்றுகிறாரே என்று மகிழ வேண்டிய பொருள் பெற்றோல் அன்று.

நிரப்பும்போது கலத்தை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும். வண்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் அல்லது கம்பள விரிப்பின் மேல் கலம் இருந்தால், பெற்றோல் பாயும்போது உண்டாகும் நிலைமின் தரைக்கு இறங்க வழியின்றிக் கலத்திலேயே சேரும். குழாய் முனை அருகில் வரும்போது சிறு பொறி தட்டும். காற்று வறண்டிருக்கும் காலத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது சிலவேளை 'சடசட' என்று கேட்குமே, அதே பொறிதான். அது போதும். குழாய் முனை கலத்தின் வாயைத் தொட்டுக்கொண்டிருக்க, மெதுவாக நிரப்புதல் வேண்டும்.

2022இல் கான்களில் எரிபொருள் வழங்கத் தடை விதிக்கப்பட்டபோது, நம்மில் பலர் வேறொரு வித்தை பழகினோம். மோட்டார் சைக்கிளின் தாங்கிக்குள் இறப்பர்க் குழாயை விட்டு வாயால் உறிஞ்சிப் போத்தலில் இறக்குவது அது. வாயில் வந்த பெற்றோலைத் துப்பிவிட்டால் சரி என்பது தவறு. மூச்சோடு சில துளி நுரையீரலுக்குள் போனாலே கடும் அழற்சி உண்டாகும். விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்வதும் கூடாது; மேலே வரும்போது அது மீண்டும் நுரையீரலுக்குள் இறங்கலாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே செய்யத்தக்கது. கையால் அமுக்கி இறைக்கும் சிறு குழாய் கடைகளில் கிடைக்கிறது, அதனை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, வண்டியில் எங்கே வைப்பது என்னும் வினா.

மேலைநாடுகளில் வீட்டையே வண்டியாக்கி, படுக்கையும் அடுப்பும் அமைத்து நாடு சுற்றுவோர் உள்ளனர். அவ்வண்டிகளில் மின்பிறப்பாக்கி நிலையாகப் பொருத்தப்படும்போது, மக்கள் இருக்கும் பகுதியிலிருந்து ஆவி புகாதவாறு முற்றாக அடைக்கப்பட்ட உலோகப் பெட்டிக்குள் அது வைக்கப்படுகிறது. அப்பெட்டிக்குக் காற்றோட்டம் வெளிப்புறமாகவே இருக்கும். புகைக்குழாய் வண்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே நீளும். தனிக் கான் வேண்டாதபடி, வண்டியின் எண்ணெய்த் தாங்கியிலிருந்தே பெரும்பாலும் எரிபொருள் எடுக்கப்படும். இவ்வளவு செலவு நமக்கு இயலாது. ஆனால் அதன் உட்கருத்தை எடுத்துக்கொள்ளலாம். மனிதர் மூச்சுவிடும் காற்றும் இயந்திரம் மூச்சுவிடும் காற்றும் ஒன்றாகலாகாது என்பதே அது.

ஆகவே மூடிய வானில் ஆட்களோடு பெற்றோல் போகலாகாது. திறந்த லொறியில், ட்ரக்டர் பெட்டியில், சிறு பாரவண்டியில் போகட்டும். அதிலும் ஆள் ஏறாதிருக்கட்டும். சிலர் வானின் கூரை மேல் கானைக் கட்டுகின்றனர். வெயில் முழுவதையும் அது வாங்கும். கசிந்தால் ஜன்னல் வழியே கீழிறங்கும். வளைவில் வண்டியின் தலைப்பாரத்தைக் கூட்டும். வேறு சிலர் பின்புறத்தில் தட்டு அடித்து அதில் வைக்கின்றனர். ஆவிக்கு அது நல்லது. ஆனால் பின்னால் வரும் பஸ் மோதினால் முதலில் நசுங்குவது அந்தக் கானே. இரண்டிலும் குறை இருப்பதால், நான் கண்ட சிறந்த வழி மூன்றாவது: மின்பிறப்பாக்கியைத் தாங்கி வெறுமையாகக் கொண்டுபோய், எரிபொருளைப் போகும் இடத்துக்கு மிக அண்மையில் உள்ள நிரப்பு நிலையத்தில் வாங்குவது. இதற்கு முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். ஒருவர் தனியே சென்று வர வேண்டும். சோம்பல் ஒன்றைத் தவிர வேறு தடை பெரும்பாலும் இல்லை.

தாங்கி வெறுமையாயினும் இயந்திரத்துக்குள் எரிபொருள் மிஞ்சியிருக்கும். முதியவர் எனக்குக் காட்டிய முறை இது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருட் குழாயின் திருகை மூடிவிட வேண்டும். காபரேற்றரில் இருப்பதை எரித்துவிட்டு அது தானே நிற்கும். தாங்கி மூடியில் காற்றுத் துளை மூடும் திருகு இருந்தால் அதையும் மூட வேண்டும். பிறகு, புகைக்குழாய் கை வைக்கும் சூட்டுக்கு ஆறும்வரை காத்திருந்தே வண்டியில் ஏற்ற வேண்டும்; சூடான குழாயில் பெற்றோல் சொட்டினால் பொறியே தேவையில்லை. ஓடிய இயந்திரத்துக்கு மீண்டும் எண்ணெய் ஊற்றுவதற்கும் இதே விதி. விளக்கு அணைந்துவிட்டதே, கூட்டம் கூச்சலிடுகிறதே என்று அவசரப்பட்டு, கொதிக்கும் இயந்திரத்தில் இருட்டிலே பெற்றோல் ஊற்றுவதைத் திருவிழாக்களில் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! கூட்டம் கால்மணி நேரம் இருட்டில் இருக்கட்டும், கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

இயந்திரத்தை நிமிர்த்தியே வைக்க வேண்டும். சாய்த்தால் அடியிலுள்ள மசகெண்ணெய் உருளைக்குள் ஏறிவிடும். நான்கு பக்கமும் பட்டி கொண்டு கட்ட வேண்டும். பாரமானது, அசையாது என்று விட்டுவிடலாகாது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி எதிலாவது மோதி நின்றால், கட்டப்படாத 40 கிலோகிராம் இயந்திரம் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். ஆறு மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து, தலையில் விழுவதற்குச் சமம் அது.

ஓடும் வண்டியிலே மின்பிறப்பாக்கியை இயக்கி விளக்கும் பாட்டும் நடத்துவது பற்றியும் ஒரு சொல். 2022 ஜூலை 31ஆம் திகதி நள்ளிரவை ஒட்டி, மேற்கு வங்காளத்தின் கூச் பிகார் மாவட்டத்தில், ஜல்பேஷ் சிவன் கோயிலுக்கு யாத்திரை சென்ற வண்டியொன்றில் மின்சாரம் பாய்ந்து 10 பேர் மாண்டனர். பாட்டு ஒலிப்பதற்காக வண்டியின் பின்புறம் பொருத்தியிருந்த மின்பிறப்பாக்கியின் கம்பித் தொடுப்பிலிருந்து அது பாய்ந்திருக்கலாம் என்று பொலிஸார் கூறினர். இரும்பு வண்டி, நனைந்த உடை, உரிந்த கம்பி மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த யாத்திரிகரும் நம் கதிர்காம யாத்திரிகரைப் போன்றவர்களே.

இதுவரை சொன்னது பெரும்பாலும் நிற்கும் இயந்திரத்தின் ஆபத்து. ஓடும் இயந்திரத்தின் ஆபத்து இதனினும் கொடிது. பெற்றோலாவிக்கு மணமாவது உண்டு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காபனோரொட்சைட்டு என்னும் வாயு அது. எரிபொருள் முற்றாக எரியாதவிடத்து உண்டாவது. நம் குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் பொருளோடு அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் சேர்ந்துகொள்கிறது. தலைவலி, மயக்கம், வாந்தி, பின் உறக்கம். உறக்கத்திலிருந்தவன் விழிப்பதில்லை.

2024 டிசம்பர் 23ஆம் திகதி, கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்து வடகரையை அடுத்து, தெருவோரத்தில் நிறுத்தப்பட்டிருந்த வீட்டு வண்டியொன்றில் இருவர் இறந்து கிடக்கக் காணப்பட்டனர். படுக்கையும் குளிரூட்டியும் உள்ள வண்டி. இரவு அங்கே தங்கிய அவர்கள், குளிரூட்டிக்காக மின்பிறப்பாக்கியை ஓடவிட்டிருந்தனர். காயமில்லை, கலவரமில்லை, கதவருகில் ஒருவர், உள்ளே ஒருவர். கோழிக்கோட்டிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தார் அதே வண்டியில் அதே இயந்திரத்தை மீண்டும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். வண்டியின் அடித்தளத்தில் இருந்த ஒரு துளை வழியாகப் புகை உள்ளே புகுந்தது. இரண்டு மணி நேரத்துக்குள், காற்றின் பத்து இலட்சம் பங்கில் காபனோரொட்சைட்டு 900 பங்குக்கு மேல் ஏறியது. ஒரு துளை; அவ்வளவே. நெருப்பை அஞ்சி இயந்திரத்தை வெளியில் வைத்தால் மட்டும் போதாது என்பதை அந்தத் துளை காட்டுகிறது. எங்கே வைத்தோம் என்பது மட்டுமன்று, புகை எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

2020இல் அமெரிக்காவின் லூசியானாவை லோரா என்னும் சூறாவளி தாக்கியபோது, முதலில் அறியவந்த மரணங்களில் பாதியளவு காற்றாலோ வெள்ளத்தாலோ நேர்ந்தவையல்ல. புயலுக்குப்பின் வீடுகளில் ஓடிய மின்பிறப்பாக்கிகளின் புகையால் நேர்ந்தவை. டித்வாவுக்குப் பிந்திய இரவுகளில் நம் பக்கத்தில் ஒரு வீட்டின் குசினியிலும், ஒரு வானின் திறந்த பின்கதவிலும் மின்பிறப்பாக்கி ஓடியதை என் கண்ணாலே கண்டேன். மழைக்கு ஒதுக்கமாம். போய் நிறுத்தச் சொன்னேன். "ஐயா, கதவு தொறந்துதானே கெடக்கு" என்றார்கள். திறந்த கதவு போதாது. குறைந்தது ஆறு மீற்றர் தள்ளி, புகை வாய் வண்டிக்கும் வீட்டுக்கும் மறுபுறம் திரும்பியிருக்க, காற்று வீசும் திசை பார்த்து வைக்க வேண்டும். மழைக்கு நான்கு கம்பு நட்டு, மேலே தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்துவிடலாம். ஆட்கள் உறங்கும் வண்டியின் கீழோ உள்ளோ அதன் இடமன்று.

எங்கள் பாடசாலையில் இப்போதுள்ள ஏற்பாடு இது. மின்பிறப்பாக்கி தேவைப்படும் நிகழ்ச்சிக்கு இரண்டு வண்டி. செலவு கூடுகிறது என்று ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது எழுந்து சொல்வார். நான் கேட்டுக்கொண்டு, இரண்டாவது வண்டிக்கும் கையொப்பமிடுவேன். பத்து லீற்றர் இரும்புக் கலம் ஒன்று வாங்கியுள்ளோம். ஒன்பதரைக்கு மேல் ஊற்றுவதில்லை. மேலே வந்து கலத்தைத் திறக்கும்போது, மூடியைச் சிறிது தளர்த்தி 'உஸ்' என்னும் ஒலி அடங்கும்வரை முகத்தை விலக்கி நிற்க வேண்டும் என்பதை உயர்வகுப்பு மாணவருக்குக் காட்டிக் கொடுத்துள்ளோம். உலர் தூள் தீயணைப்பான் ஒன்று உண்டு. அது மின்பிறப்பாக்கியின் பக்கத்தில் இராது. தீப்பற்றினால் அங்கே கை போகாது. சாரதியின் ஆசனத்தருகில் இருக்கும். பெற்றோல் நெருப்பில் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் தண்ணீரின் மேல் மிதந்து பரவும் என்பதால், தூள் இல்லாதவிடத்து ஒரு வாளி மணல்.

அன்று போத்தலைப் பிடித்திருந்த மாணவன் இப்போது உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிறான். சென்ற மாதம் கண்டியிலிருந்து பஸ்ஸில் வரும்போது வாங்கிய கடலைப் பொட்டலம் ஒன்றை என் மேசையில் கொண்டுவந்து வைத்தான். பொட்டலம் உப்பியிருந்தது. பன்விலயைத் தாண்டும்போது ஊசியால் குத்திப் பார்க்க எண்ணினானாம். பக்கத்தில் இருந்த அம்மா விடவில்லை என்றான்.